முன்வரிசை அவளுக்கு

நெய்வேலியில் ஒரு பல் ஆஸ்பத்திரி லேபில் நானும் ஒரு காடாம்புலியூர்ப் பெண்ணும் பல் செட் செய்தோம். ஒரே டிப்ளமோ, அவள் எனக்கு ஒரு வருடம் இளையவள். வெட்டும் பற்கள், கிழிக்கும் கோரைப்பற்கள் என முன்வரிசை முழுவதும் அவளுக்கு. நொறுக்கும் முன்கடைவாய்ப்பற்கள், அரைக்கும் கடைவாய்ப்பற்கள் எனக்கு. கண்ணாடியில் எல்லோரும் அவள் பற்களைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். சோற்றை அரைப்பது எது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒருநாள் முத்தாண்டிக்குப்பத்து அம்மா ஒருவர் ட்ரயலுக்கு வந்தார். ட்ரயலில் பற்கள் வெறும் மெழுகில்தான் நிற்கும்; முகத்துக்குப் பொருந்தினால்தான் கெட்டி செட்.

"அடியேய், இது என் கல்யாணத்துச் சிரிப்புடி!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். எங்களுக்காக வறுத்துக் கொண்டுவந்த முந்திரியில் ஒன்றை, நாங்கள் தடுப்பதற்குள், முன்பல்லால் கடித்தார். நான்கு பற்கள் கையோடு வந்தன.

டாக்டர் உள்ளே வருவதற்குள் முந்திரி முந்தானைக்குள் போய்விட்டது. பல்லைச் சரியாக வைக்கவில்லை என்று அவளுக்குத்தான் திட்டு. அந்த அம்மாவை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. என் காரணம் வேறு.

"முன்பல்லையும் நீயே வெச்சுடும்மா. நாளைக்குச் சரியா வந்தா இனிமே முழு செட்டும் உனக்குத்தான்" என்றார் டாக்டர் என்னிடம்.

நடுக்கோடு, உதட்டுக்கோடு, உயரம், சாய்வு. பட்டியல் போட்டு ஒவ்வொன்றையும் டிக் செய்தேன். ஆறு பற்களும் குவார்ட்டர்ஸ் வீடுகள் மாதிரி ஒரே வரிசையில் நின்றன. மறுநாள் அந்த அம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"நல்லா இல்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்குது பாப்பா. யார் வூட்டுப் பொம்பளையோ மாதிரி இருக்குது."

டாக்டர் அவளைக் கூப்பிட்டார். சூடான கத்தியால் ஒரு பல்லை மட்டும் இளக்கி, பக்கத்துப் பல்லின்மேல் இம்மியளவு ஏற்றினாள்.

"கல்யாண போட்டோவக் கேட்டு வாங்கிப் பாத்தேங்க்கா. இந்தப் பல்லு இப்டித்தான் ஏறிகினு இருந்துச்சு" என்றாள் என்னிடம்.

போட்டோ கேட்கலாம் என்பது என் பட்டியலில் இல்லை. அந்த அம்மா வாய் நிறையச் சிரித்தார். டாக்டரும் சிரித்து, அடுத்த முன்வரிசையை அவள் மேசையிலேயே வைத்தார்.

"பின்னாடி கடி சமமாப் படுதுங்களா?" என்று சத்தமாகவே கேட்டேன்.

"படுது, படுது" என்றார் அந்த அம்மா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.