பின்காற்று

மர்கித் அத்தை ஐம்பத்திரண்டாம் வயதில் ஆட்டுக்கொம்பு சைக்கிள் வாங்கினாள். கைப்பிடி கீழே வளைந்திருக்கும் பந்தய சைக்கிளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வெளிர்பச்சை நிறம், பழையது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போன யாரோ விற்றுவிட்டுப் போனது. ஊரில் எல்லோரிடமும் சைக்கிள் உண்டு. ரொட்டி வாங்க, கோவிலுக்குப் போக, கல்லறைக்குப் பூ கொண்டுபோக எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். ஆனால் எங்கேயும் போக வேண்டியிராமல் சும்மா ஓட்டுவதற்கென்று யாரும் கிளம்புவதில்லை. கல்யாணமாகாத, தலை நரைத்த ஒரு பெண் முதுகை வளைத்துக் குனிந்து ஓட்டிப் போனது ஊர் வாய்க்கு நல்ல தீனியாயிற்று.

"மர்கித், யாரு துரத்துறாங்க?" என்று மதுக்கடை வாசலிலிருந்து கத்துவார்கள்.

"துரத்துற அளவுக்கு உங்கள்ள எவனுக்குடா மூச்சு இருக்கு?" என்பாள், நிற்காமலே.

அவளுக்கு மிளகாய்த்தூள் ஆலையில் பொட்டலம் கட்டும் வேலை. விரல் இடுக்கெல்லாம் சிவப்பேறியிருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. படுக்கையில் கிடந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். அவர் போன பிறகு, வீட்டில் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியிராத முதல் வசந்தத்தில்தான் சைக்கிள் வந்தது. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "பகலெல்லாம் மிளகாய் நெடி. கரை மேல போனாத்தான் மூச்சு உள்ள போகுது" என்றாள்.

எங்கள் வீடு அவள் வீட்டுக்கு அடுத்தது. செர்பியாவில் இருந்தாலும் எங்கள் ஊரில் பேசுவது ஹங்கேரிய மொழி. நான் எட்டாம் வகுப்புவரை அதிலும், பிறகு டவுனில் செர்பிய மொழியிலும் படித்தேன். "நம்ம எனிக்கோ பொண்ணு ரெண்டு மொழி படிச்சிருக்கா. ரெண்டுலயும் வாய் தொறக்க மாட்டா" என்று மர்கித் அத்தை என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்வாள். அதனால்தானோ என்னவோ, என்னை மட்டும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப்போவாள்.

கரை என்பது திஸா ஆறு ஊருக்குள் வராமலிருக்க எழுப்பிய மண்மேடு. அதன் முதுகில் ஒரு வண்டி அகலத்துக்குத் தார் போட்டிருக்கிறது. இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு, கார் வர முடியாது. ஒரு பக்கம் ஆறும் தண்ணீரில் நிற்கும் மரங்களும். மறுபக்கம் சோளம், சூரியகாந்தி. ஜூன் மாதத்தில் மல்பெரிப் பழம் விழுந்து பாதை கறுத்துப்போய் டயரில் ஒட்டும். எதிரே வருவது ஒரு மீன்பிடிக்காரர், சில செம்மறி ஆடுகள், அவ்வளவுதான்.

இந்தத் தட்டைப் பூமியில் சைக்கிள்காரர்களுக்குக் காற்றுதான் மலை. அதனால் கரை மேல் பிரிகிறவர்கள் "ஹாத்செலெத்" என்று சொல்லிப் பிரிவார்கள். பின்காற்று. உங்களுக்குப் பின்காற்று கிடைக்கட்டும். எதிரெதிர்த் திசையில் போகிற இருவர் இதைச் சொல்லிக்கொண்டால் ஒருவருக்குத்தான் பலிக்கும். ஒருவர் முதுகில் அடிக்கிற காற்று மற்றவர் முகத்தில் அடிக்கும். எங்கள் ஆட்கள் யாரும் அதை யோசித்ததில்லை. மிலுத்தின்தான் யோசித்தார்.

மிலுத்தின் வடக்கே, ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கும் செர்பிய ஊர்க்காரர். இழுவைப் படகுகளில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். கறுப்பு நிறத்தில் கனத்த சைக்கிள், பின் மட்கார்டு கழன்று எப்போதும் கடகடவென்று ஆடும். அவர் வருவது ஆளுக்கு முன்னால் காதில் கேட்டுவிடும். இரண்டு ஊருக்கும் நடுவே, வயல் தண்ணீரை ஆற்றுக்கு இறைக்கும் பம்பு வீடு இருக்கிறது. அங்கே ஒருநாள் மர்கித் அத்தையின் செயின் அறுந்தது. அவர் இறங்கிச் சரிசெய்து கொடுத்தார். பிறகு ஞாயிறுதோறும் அந்தப் பம்பு வீட்டுப் படி.

நான் அவர்களோடு உட்கார்ந்தது நாலைந்து தடவை இருக்கும். அவர் பிளாஸ்கில் காபி கொண்டுவருவார். அவள் பிளம் ஜாம் வைத்துச் சுருட்டிய ரொட்டி. அவளுக்கு அவர் மொழி சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் வரும். அவருக்கு எங்கள் மொழி அதுவும் வராது. ஆகவே பெயர்ச்சொற்களாலேயே பேசுவார்கள்.

"நாரை" என்பார் அவர், ஆற்றைக் காட்டி.

"நாரை. ரெண்டு."

"குஞ்சு?"

"போச்சு. பறந்து."

"ம். பையன். வியன்னா." தன் மகனைச் சொல்கிறார் என்று புரியச் சற்று நேரமாகும்.

அவருக்கு மனைவி உண்டு என்பதை நான் கேட்காமலே மர்கித் அத்தை முதல் நாளே சொல்லிவிட்டாள். "முட்டி வலிக்காரி, வண்டி ஏற மாட்டாளாம். பாவம்" என்றாள்.

ஹாத்செலெத் என்றால் என்ன என்று அவர் கேட்ட நாளில் நானும் இருந்தேன். நான் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எழுந்து அவர் பின்னால் போய், முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினாள். வாயால் காற்று ஊதிக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது. பிறகு நெற்றியைச் சுருக்கி யோசித்து, அவள் முகத்துக்கு நேரே விரல் நீட்டினார்.

"அப்ப உனக்கு?"

அவள் தோளைக் குலுக்கினாள்.

அன்றிலிருந்து அது அவர்கள் சண்டை. பிரியும்போது அவள் சொல்வதற்கு முன் அவர் சொல்லிவிடப் பார்ப்பார், அவருக்கு முன் அவள். காற்றே இல்லாத நாட்களில் இருவரும் ஒன்றாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு முன் அவள் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. அது எனக்கு எப்படித் தெரியுமென்றால், மாலையில் ஜாம் ரொட்டி பொட்டலம் பிரிக்காமல் வேலிக்கு மேலாக என் கைக்கு வந்தது. மூன்றாவது பொட்டலத்தை வாங்கும்போது, "அவங்க ஊருக்கே போய்க் கேட்டுரலாமே அத்தை" என்றேன்.

"கேட்டு? மிளகாய் ஆலைக்காரி ஒருத்தி கல்யாணமான மனுசனைத் தேடி வந்திருக்கான்னு ஊரு பூரா பேசவா?"

உள்ளே போனவள் திரும்பி வந்தாள்.

"ஏண்டி, உனக்கு அவங்க பேச்சு நல்லா வரும்ல? நீ வந்தா வழி கேக்குற மாதிரி கேட்டுப்பாக்கலாம். உயிரோட இருக்காரான்னு தெரிஞ்சா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

ஆலையில் மிளகாய் வந்து குவியும் பருவம், ஞாயிறும் வேலை. அக்டோபர் பிறந்த பிறகுதான் கிளம்ப முடிந்தது. தென்கிழக்குக் காற்று முதுகில் அடித்தது. மிதிக்காமலே வண்டி ஓடியது. மர்கித் அத்தை தலையைப் படிய வாரியிருந்தாள். பையில் ஒரு பாட்டில் பிளம் ஜாம். பம்பு வீட்டைத் தாண்டி அவள் ஒருநாளும் போனதில்லை. அங்கே வந்ததும் இறங்கி, இல்லாத தூசியைப் பாவாடையிலிருந்து தட்டினாள்.

அப்போது வடக்கிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கடகட, கடகட.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, காதோர முடியை ஒதுக்கினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வரட்டும், நல்லாக் கேக்குறேன். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, எங்க போயிருந்தாராம் தொரை?"

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு சைக்கிள்தான். மேலே இருந்தது ஒரு சிறிய உருவம். கறுப்புத் தலைக்குட்டை, கறுப்பு உடை. எதிர்காற்றில் ஒற்றைக் காலாலேயே மிதித்து வருவதுபோல் வண்டி தள்ளாடியது.

"அத்தை" என்றேன். அதற்குள் அந்த அம்மாள் எங்கள் அருகில் வந்து, பாதி விழுவதுபோல் இறங்கிவிட்டாள்.

"அப்பாடா. என்ன காத்து இது, ஆளையே தின்னுரும் போல" என்றாள் செர்பிய மொழியில். "பொண்ணு, நீங்க இந்தக் கரை மேல வர்றவங்களா?"

"ஞாயித்துக்கிழமை வருவோம்."

"என் வீட்டுக்காரரும் வருவாரு. இதே வண்டி. மிலுத்தின்னு பேரு, நான் ரதோய்கா. வர்ற சனிக்கிழமை அவருக்கு நாப்பது."

நான் இன்னும் ஒரு சொல்லும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் சந்தைப் பேச்சில் முதலில் கற்பது எண்கள்தான். கறுப்பு உடுத்தியவர் வாயில் நாற்பது என்றால் அது இறந்தவருக்குச் செய்யும் நாற்பதாம் நாள் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். மர்கித் அத்தை படியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ரதோய்கா என்னிடம்தான் பேசினாள்.

"மூளையில ரத்தம் ஒறஞ்சிருச்சு. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. பேச்சு போயிருச்சு. ஒரே ஒரு வார்த்தைதான். ஹாத்செலெத், ஹாத்செலெத்னு. என் பேரச் சொல்லல, பெத்த மகன் பேரச் சொல்லல. எர்ஷெபெத் மாதிரி இருக்குல்ல? உங்க ஆளுங்க பொம்பளப் பேருதானே? முப்பத்தஞ்சு வருசம் ஆக்கிப் போட்டவ நானு. யாருன்னு பாக்கணும். சண்டைக்கு வரல பொண்ணு. மூஞ்சிய ஒரு தடவை பாத்துட்டுப் போயிருவேன்."

பிறகு மர்கித் அத்தை பக்கம் திரும்பினாள். அதைக் கேட்க மொழி தேவைப்படவில்லை.

"உன் பேரு?"

"மர்கித்."

"அப்ப நீ இல்ல" என்றாள் ரதோய்கா. மூச்சு விட்டுச் சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டாள்.

மர்கித் அத்தை என்னைப் பார்த்தாள். "என்ன சொல்றா, முழுசாச் சொல்லு." சொன்னேன். வார வாரம் இருவரும் போட்டி போட்டுச் சொல்லிய சொல்லை அவர் எங்கே கொண்டுபோய் வைத்திருந்தார் என்பதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. பம்பு வீட்டுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பேரு இல்லனு சொல்லு" என்றாள் கடைசியில். "காத்துன்னு சொல்லு."

சொன்னேன். ரதோய்கா நம்பவில்லை. "காத்தா? எந்தக் காத்து?"

மர்கித் அத்தை எழுந்தாள். ரதோய்காவின் பின்னால் போய், கறுப்பு உடைமேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினாள்.

ரதோய்கா ஒரு அடி முன்னால் போய் நின்றாள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. "காத்து! அட பைத்தியக்கார மனுசா! சாகுறப்ப காத்தையா கூப்பிட்ட? நான் ஒரு மாசமாத் தூங்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இத யாரு அவருக்குச் சொல்லிக்குடுத்தா?"

மொழிபெயர்த்தேன். மர்கித் அத்தை ஆற்றைப் பார்த்தாள்.

"எல்லாரும் சொல்றதுதான்னு சொல்லு. கரை மேல போறவங்க வர்றவங்க எல்லாரும்."

நான் அப்படியே சொன்னேன்.

"இவங்க அவரைப் பாத்திருக்காங்களா?"

"பாத்திருக்கேன்னு சொல்லு. மட்கார்டு சத்தம் கேக்கும்னு சொல்லு."

"அத முடுக்கச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வத்திருச்சு" என்றாள் ரதோய்கா. "இனி யாரு முடுக்குவா."

மர்கித் அத்தை ஜாம் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "சனிக்கிழமைக்கு வெச்சுக்கட்டும். சர்க்கரை கம்மி. அவருக்கு அப்படித்தான்..." என்று எங்கள் மொழியில் சொல்லி நிறுத்தினாள். சர்க்கரை கம்மி என்பதை மட்டும் மொழிபெயர்த்தேன்.

ரதோய்கா அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். வண்டியில் ஏறிக்கொண்டு, "எப்படிச் சொல்லணும் அத?" என்று கேட்டாள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு வடக்கே திரும்பி, கையை உயர்த்தி, மர்கித் அத்தைக்கு உரக்கச் சொன்னாள்.

"ஹாத்செலெத்!"

காற்று அவளைத் தூக்கிக்கொண்டு போனது. மட்கார்டு சத்தம் தேய்ந்து மறையும்வரை மர்கித் அத்தை வண்டியில் ஏறவில்லை.

எங்களுக்கு எதிர்காற்று. "நான் முன்னால போறேன் அத்தை, நீங்க என் பின்னால வாங்க" என்றேன்.

"பின்னாடி வா" என்றாள்.

எதிர்காற்றில் குனிந்து, ஆட்டுக்கொம்பின் அடிப்பகுதியைப் பிடித்து ஓட்ட வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அன்று அவள் குனியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, காற்று முழுவதையும் வாங்கிக்கொண்டு மிதித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் எனக்குக் காற்றே இல்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தடுப்பைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தோம். மதுக்கடை வாசலில் வழக்கமான கூட்டம்.

"மர்கித்! கண்ணு ரெண்டும் மிளகாயாட்டம் செவந்து கெடக்கு! இன்னைக்கும் ஆலை ஓடுதா?"

"காத்துடா" என்றாள், நிற்காமலே. "வெறும் காத்து."