வெர்னா போட்ட கையெழுத்து

புது அதிபர் பதவியேற்கும் நாளில், வாஷிங்டனிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தெருப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். பாதி ஊரை அடைத்துவிடுவார்கள்; ஊர்வலமெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. வெர்னா டிப்ஸ் இன்னும் ஒருபடி மேல். லீவு விட்டாலும் அன்றைக்கு அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து எல்லா அதிபர்களையும் அப்படித்தான் வரவேற்றிருக்கிறாள். யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்பது அவள் கணவனுக்கே தெரியாது.

வீட்டுச் சாமான்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் சின்ன அலுவலகம் அது. தலைவரை அதிபர் நியமிப்பார். அதிபர் மாறினால் தலைவரும் பெட்டியைக் கட்டுவார். வெர்னா மாதிரியானவர்கள் அப்படியே இருப்பார்கள்.

பத்து வருடமாக அவள் ஒரே ஒரு விதிக்காக உழைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டும் வண்டியைப் பின்னால் எடுத்தால், அதன் கத்தி தானாக நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான். ஒஹாயோவில் ஹூபர் என்பவர் அப்படிப் பின்னால் எடுத்தபோது ஜோடி என்ற அவருடைய நாலு வயது மகள் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். இந்த விதிக்காக அலுவலகம் நடத்திய விசாரணைக்கு வந்து அழாமல் சொல்லிவிட்டுப் போன மனிதர், வருடா வருடம் புல் வளரும் பருவத்தில் போன் செய்வார். "வந்துடுச்சா மேடம்?" என்பார். ஓய்வு பெறுவதற்குள் "வந்துடுச்சு" என்று சொல்லிவிட வேண்டும், வெர்னாவுக்கு அது ஒன்றுதான் ஆசை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே விதி தயார். தலைவர் பிரூயிட் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவருக்கோ கேமரா வேண்டும், கூட்டம் வேண்டும், பக்கத்தில் நின்று சிரிக்க ஒரு செனட்டர் வேண்டும். செனட்டருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒருவழியாக வெள்ளிக்கிழமை சாயங்காலம், செனட்டர் இல்லாமலே கையெழுத்தானது. சனி, ஞாயிறு போக திங்களும் விடுமுறை. செவ்வாய் புது அதிபர். புதன் காலைதான் அரசிதழில் அச்சாகும்; அச்சானால்தான் விதி செல்லும்.

செவ்வாய் நண்பகலில் அங்கே அதிபர் சத்தியம் செய்த அதே நிமிடத்தில் இங்கே பிரூயிட்டின் பதவி போனது. புதுத் தலைவர் வரும்வரை, இருப்பவர்களில் மூத்தவள் என்பதால், பொறுப்பு வெர்னாவிடம். மாலையில், ஊர்வலம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே, வெள்ளை மாளிகையிலிருந்து ஆணை வந்தது. அரசிதழுக்கு அனுப்பியும் அச்சாகாத விதிகளையெல்லாம் திரும்பப் பெற வேண்டும். புதியவர்கள் பார்த்த பிறகுதான் மற்றது.

இது புதிதல்ல. போன அதிபரும் முதல் நாளே இதைத்தான் செய்தார். அப்போது போனவை வேறு யாரோ உழைத்த விதிகள். அன்றைக்கு வெர்னா சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து அறை வக்கீல் ஆர்லோ பெக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"வெர்னா, நீ இன்னிக்கு ஆபீசுக்கே வரல. சரியா? நாளைக்குக் காலையிலதான் இதப் பார்த்த. அதுக்குள்ள அச்சாயிடும். அப்புறம் அவங்களால அத லேசுல தூக்க முடியாது."

"வந்து உக்காந்திருக்கேனே."

"யாரு பார்த்தா?"

"நீ பார்த்துட்டுதான இருக்க?"

"அடேங்கப்பா, பெரிய புனிதவதி! பிள்ளைங்க சாகுது வெர்னா."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆர்லோ மேல் அல்ல, சிரிப்பதற்கு ஆள் தேடிய அந்த பிரூயிட் மேல். ஆனால் இன்றைக்குத் தனக்குப் பிடிக்காத ஆணைக்குத் தான் ஒளிந்துகொண்டால், நாளைக்கு வெர்னாவுக்குப் பிடித்த ஆணைக்கு இன்னொருத்தி ஒளிந்துகொள்வாள். ஜனங்கள் புது அதிபருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். வெர்னாவுக்கு யாரும் போடவில்லை. இப்படியெல்லாம் நினைப்பது சுலபம். திரும்பப் பெறும் கடிதத்தை அவளே தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டாள்.

விதி திரும்பி வந்தது. வேறு யார் வாயிலிருந்தும் அவர் இதைக் கேட்கக் கூடாது என்று அவளே ஹூபருக்குப் போன் போட்டாள்.

"மேடம்! நீங்களே கூப்பிடுறீங்களே! நாளைக்குத்தான? நாங்க டிவில ஊர்வலம் பாத்துட்டிருக்கோம்."

சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"மறுபடி எப்ப வரும்?"

"தெரியல. ரெண்டு வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்."

"யாரு திருப்பி வாங்குனது?"

"ஆணை மேல இருந்து வந்துச்சு. கையெழுத்து என்னோடது, மிஸ்டர் ஹூபர்."

அந்தப் பக்கம் டிவியில் பேண்டு வாத்தியம் கேட்டது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"உங்கள ஒண்ணும் சொல்லல மேடம்," என்றார் ஹூபர். "நீங்க முறைப்படிதான் செஞ்சீங்க. நானும் அன்னிக்கு முறைப்படிதான் செஞ்சேன். பின்னாடி திரும்பிப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன்."

வெர்னாவுக்குப் போனை வைக்க மனம் வரவில்லை. அவரும் வைக்கவில்லை.