மின்வெட்டில் நின்ற ஓட்டங்கள்

2008. சொல்லியும் சொல்லாமலும் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். அல்லிநகரத்தில் வாடகை வீடு, பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை, அது போகப் பகுதிநேர பிஎச்.டி. பதிவுக் காலம் அடுத்த கோடையோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அதுவரை செய்ததெல்லாம் செல்லாது. கல்லூரி விட்டு வந்தால் கணிப்பொறிதான் கதி.

என் ஆய்வை மனைவிக்கு ஒரே ஒருமுறை விளக்கியிருக்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கி, ஆகத் தாழ்வான இடத்தைத் தேடுவது. கணிப்பொறிக்கு அப்படித் தேட வழி சொல்வதுதான் அல்காரிதம். நான் ஒன்று உருவாக்கியிருந்தேன். அதையும், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த பழைய முறையையும் ஒரே கணக்குகளில், ஒரே தொடக்கப் புள்ளிகளிலிருந்து பலமுறை ஓடவிட்டு, சராசரி எடுத்து ஒப்பிட வேண்டும்.

"மலையில எறங்குறதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்றாள். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சராசரியில் என் முறை பழையதை அடித்துத் துவைத்திருந்தது. தலைகால் புரியாமல் கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மதிப்பீட்டாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: சராசரி போதாது, ஒவ்வொரு கணக்கிலும் கிடைத்த ஆக மோசமான விடையையும் தரவும்.

தேடினேன். என் முறைக்கு மோசமான விடையே இல்லை. முதலில் பூரித்துப்போனேன். பிறகுதான் சந்தேகம் தட்டியது. விடைக் கோப்புகளை எண்ணிப் பார்த்தேன். பழைய முறைக்கு எல்லாம் இருந்தன. கடினமான கணக்குகளில் என்னுடையவை பாதிகூட இல்லை.

ஓட்டம் முடிந்த பிறகே விடை கோப்பில் எழுதப்படும். என் முறையில், சரியான பள்ளத்தில் விழுந்த ஓட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். தப்பான பள்ளத்தில் மாட்டியது மணிக்கணக்கில் அலையும். அதற்குள் கரண்ட் போய்விடும். வந்ததும் நின்றதை விட்டுவிட்டு அடுத்த ஓட்டத்தைத் தொடங்கிவிடுவேன். பழைய முறையோ, ஜெயித்தாலும் தோற்றாலும் சட்டென்று முடிந்துவிடும். அதன் தோல்விகள் ஒன்று விடாமல் பதிவாகியிருந்தன. என் தோல்விகளை மின்வெட்டு விழுங்கியிருந்தது.

மதுரையில் இருந்த என் ஆய்வு நெறியாளருக்குப் போன் செய்தேன்.

"கரண்ட் போனா அதுக்கு நீங்க என்ன செய்வீக? வந்ததப் போட்டு அனுப்புங்க. யாரு வந்து எண்ணப் போறாக?" என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொல்கிறபடி செய்துவிட்டால்தான் என்ன என்ற ஆசையும் கூடவே வந்தது. அந்த ஆசையை நினைத்தால் இன்றைக்கும் கசக்கிறது.

இன்வெர்ட்டர் வாங்கி மாட்டி, செத்துப்போன ஓட்டங்களை அதே புள்ளிகளிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். அட்டவணை வரிக்கு வரி கவிழ்ந்தது. என் முறை பழையதைவிட மட்டம். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். புதிதாக ஒன்றை யோசிக்க நேரமில்லை. கோடை வந்தது, பதிவு காலாவதியானது. அழுதேன், வெட்கமில்லாமல்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். இந்தப் பாழாய்ப்போன கரண்டால்தான் ஏமாந்தேன் என்றேன்.

"கரண்ட் போனாத்தான் நீங்க எந்திரிச்சு வெளிய வருவீக. எங்கூட ரெண்டு வார்த்த பேசுவீக. எப்படா போகும்னு காத்துக் கெடப்பேன்" என்றாள். "இன்வெர்ட்டர் வந்த பெறகு அதுவும் இல்ல."