மாமியார் படத்துக்கு ராஜம்மா கொடுத்த குரல்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றின் மனமகிழ் மன்றத்தில் 16 எம்.எம். புரொஜெக்டர் ஆபரேட்டராக இருந்தேன். எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள், வேலை தற்காலிகம். மன்றச் செயலாளர் அதைத் தன் மச்சானுக்குக் கொடுக்க நினைத்தார். செயலாளர் மாமனார் வீட்டோடு இருப்பவர்; மச்சான் அந்த வீட்டுப் பிள்ளை.

அந்த மாதம் அவர் எடுத்து வந்தது ஓர் ஆங்கில நகைச்சுவைப் படம். லண்டனில் மேடை நாடகமாக ஓடிய கதையாம். வேலை நேரம் முடிந்ததும் ஷெட்டில் திரை கட்டினோம். முதல் ரீல் முடிந்து விளக்கைப் போட்டேன். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

"இன்னா படம்மா இது? ஒண்ணும் புரியல. ரயிலாவது புடிக்கலாம்."

செயலாளர் வந்தார். "ஜனம் போய்க்கினு கீது பாரு. இன்னியோட மெஷின மச்சான் கைல குடுத்துரு."

ரீல் மாற்றுவதற்குள் எதையாவது செய்தாக வேண்டும். படத்தை முந்தைய நாளே போட்டுப் பார்த்திருந்தேன்; கதை தெரியும். ஆம்ப்ளிஃபயரில் மைக் செருக இடம் இருந்தது. நான் மெஷினைப் பார்க்க வேண்டும்; படத்துக்கு மேல் தமிழில் பேச ஆள்தான் வேண்டும். கேன்டீன் ராஜம்மாவைக் கூப்பிட்டேன்.

"எனுக்கு இங்கிலீசு தெரியாதே, கண்ணு."

"வேணாம்க்கா. அந்தக் குண்டம்மா பொண்ணோட அம்மா. மாப்பிள்ளைய வீட்டோட வெச்சிக்கப் பாக்கறாங்க. அவரு கல்யாணத்தன்னிக்கு ஓடிடறாரு."

"அவ்ளோதானே? ரெண்டு பொண்ணு கட்டிக் குட்தவ நானு. குடு மைக்க."

படத்தின் சத்தத்தைக் குறைத்து மைக்கை ஏற்றினேன். திரையில் மாப்பிள்ளையின் அம்மா டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்தாள். குண்டம்மா வாயசைக்க, ராஜம்மா பேசினார்.

"இன்னா சம்பந்தி, டீல சக்கர கம்மின்னு மூஞ்சத் தூக்கிக்கினு கீற? உன் புள்ளைக்கு நான் பொண்ணையே குடுக்கறேன், சக்கரயா பெருசு?"

ஷெட் அதிர்ந்தது. கேட் வரை போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். பெண்ணின் அம்மா மாடி அறையைக் காட்டினாள்.

"இதான் உன் ரூமு, மாப்ள. ஊட்டோட இருந்துக்கோ. சோறு நான் போடறேன், என் புள்ளைக்கு வேல நீ வாங்கிக் குடு!"

சட்டென்று எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். நான் மைக்கின் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினேன். அதற்குள் முன்வரிசையில் இருந்த அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசி ரீல் வரை ஒருவரும் எழவில்லை.

படம் முடிந்து ஸ்பூல் சுற்றிக்கொண்டிருந்தபோது செயலாளர் என்னிடம் வந்தார்.

"நல்லா வாரிட்டீங்கம்மா. மெஷின் உங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கே பர்மனென்ட் ஆர்டர் போடச் சொல்றேன். மாமனார் ஊட்ல இன்னிக்கி எனுக்குச் சோறு போடுவாங்களான்றதுதான் பேஜாரு."

புதிதாக மெஷின் தொடும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: லென்ஸைத் துடையுங்கள், மெஷினில் ஃபிலிம் ஓடும் கேட்டில் தூசி பாருங்கள், படத்தை ஒரு முறை முழுதாகப் போட்டுப் பாருங்கள். பிறகு, பார்க்க வருகிறவர்கள் யார் என்று யோசியுங்கள். மறுநாள் என் கையில் ஆர்டர் இருந்தது. அடுத்த படத்தின் நோட்டீஸில் 'ஆபரேட்டர்' என்று என் பெயரும், அதைவிடப் பெரிய எழுத்தில் ராஜம்மாவின் பெயரும் இருந்தன.