சிவப்புச் சட்டையும் நான்கு கேமராக்களும்

என் மருமகள் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவள். யாராவது ஒரு துணித்துண்டையோ உடைந்த தட்டையோ நீட்டினால், அதே நிறத்தை டப்பாவில் பிடித்துக் கொடுத்துவிடுவாள். கடையில் அவளுக்குக் ‘கழுகு’ என்று பெயர். ஒருவர் சிரித்ததைப் பார்த்து, அவருடைய பல்லின் நிறத்திலேயே அவர் வீட்டுக் கூடத்துக்குப் பெயின்ட் கலந்து கொடுத்தாள் என்று தெருவில் ஒரு கதை உலவுகிறது. கிளப்பிவிட்டது நான்தான். ஆனால் அதை நம்பாதவர் ஒருவரையும் இதுவரை நான் பார்த்ததில்லை.

என் மகன் ஓவியன். வீடு தீப்பிடித்தாலும், அந்த ஆரஞ்சு நன்றாக இருக்கிறதே என்று நின்று பார்ப்பவன். அவனுடைய நாற்பத்திரண்டு ஓவியங்களைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் முன்வந்தது. இருபது வருட உழைப்பு. அவன் கைபேசியில் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டுப் பதிப்பாளர் பதில் எழுதினார்: இருட்டான இடமெல்லாம் தார் ஊற்றியதுபோல் இருக்கிறது, மாதக் கடைசிக்குள் சரியான படங்கள் வராவிட்டால் புத்தகம் இல்லை.

அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. (மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிட்டான், அது வேறு.) விஷயம் என்னவென்றால், அவன் கறுப்பைத் தொடவே மாட்டான். நீலத்தின் மேல் பழுப்பு, அதன் மேல் மறுபடி நீலம் என்று ஏழெட்டு அடுக்கு பூசித்தான் இருட்டைக் கொண்டுவருவான். உற்றுப் பார்த்தால் அதற்குள் ஒரு படிக்கட்டோ, திரும்பி நிற்கும் ஒரு முதுகோ தெரியும். அது தெரியவில்லை என்றால் ஓவியமே இல்லை.

கேமராவை நானே பார்த்து வாங்குகிறேன் என்றாள் மருமகள். அதுவரை கேமராவைத் துடைக்கக்கூடத் தொடாதவள். லீவு நாளாகப் பார்த்து, புதிதாக எடுத்திருந்த சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, படிக்கட்டு ஓவியத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். மறுமுனையைப் பிடிக்க நான்.

கடைக்காரர் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்து, எத்தனை மெகாபிக்சல், எத்தனை வேகம் என்று ஒப்பிக்க ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஓவியத்தைச் சுவரோரம் நிறுத்தி, பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஒவ்வொன்றாலும் இதை எடுத்துக் காட்டுங்கள் என்றாள். முதல் கேமராவில் எடுத்த படத்தைக் கணினித் திரையில் பார்த்தாள். ஓவியத்தில் உள்ள சாம்பல் வெள்ளைச் சுவரில் ஒரு துளி சிவப்பு ஏறியிருக்கிறது என்று ஒதுக்கினாள். இரண்டாவதிலும் அதே குறை. மூன்றாவதிலும். நான்காவது, யாரோ விற்றுவிட்டுப்போன பழசு. அதிலும் சிவப்பு. எனக்கு ஒரு சிவப்பும் தெரியவில்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை என்பது அவர் தலையை ஆட்டிய வேகத்திலேயே தெரிந்தது.

"அக்கா, நாலும் நாலு கம்பெனி. இதுக்கு மேல நான் எங்க போவேன்?" என்றார்.

அவள் போர்வையை எடுத்துச் சுற்றப் போனவள், நின்றாள்.

"அத்தை, நாலு கம்பெனியும் சேந்து ஒரே பொய்யச் சொல்லுமா?"

சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். அவள் முகமும் சட்டை நிறத்துக்கு வந்தது. வேலை நேரத்தில் நிறம் பார்க்கும்போது சாம்பல் கோட்டு போடாமல் அவள் நின்றதே கிடையாது. உடுப்பின் நிறம் பக்கத்தில் இருப்பதன்மேல் விழும் என்று கடையில் எல்லோருக்கும் வகுப்பெடுப்பவள் அவள்தான். லீவு நாள், புதுச்சட்டை, எல்லாம் மறந்துபோயிற்று.

கடைக்காரரிடம் ஒரு கறுப்புத் துணி வாங்கிக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொன்னாள். உள்ளே நுழைந்த ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

இப்போது நாலும் நாலு விதமாகப் பேசின. கடையிலேயே உசத்தியான கேமரா, நீலத்தை மயில் கழுத்தாக்கிவிட்டது.

"ஒரிஜினலைவிட நல்லா வருது பாருங்கக்கா."

"நல்லாத்தாங்க வருது. ஆனா இது அவர் போட்ட படம் இல்லையே."

இரண்டாவதில் ஓவியத்தின் ஓரங்கள் தொப்பை போட்டிருந்தன. மூன்றாவதில் மறுபடி தார். கடைசியாக அந்தப் பழசு. பிடியில் தோல் உரிந்து, முன்னும் பின்னும் நகராத ஒற்றை லென்ஸோடு இருந்தது. திரையில் படம் வந்ததும் என் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

"அத்தை, படி தெரியுதா?"

"தெரியுது. அஞ்சு."

"ஆறு. கீழ ஒண்ணு பாதியில நிக்குது பாருங்க."

ஓவியத்தருகே போய் எண்ணினேன். ஆறு. என் வீட்டுச் சுவரில் நாலு வருடம் தொங்கிய ஓவியம். ஆறாவது படியை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதையே வாங்கினோம்.

பிறகு ஒன்பது நாள் எங்கள் கூடம் எங்களுடையதாக இல்லை. ஜன்னல்களுக்குத் திரை, இரண்டு பக்கமும் சாய்வாக ஒரே மாதிரி விளக்கு, நடுவில் முக்காலி மேல் கேமரா. ஓவியத்தை எடுக்குமுன், நிறம் பிசகாமலிருக்க, அவளே கலந்து பூசிய சாம்பல் அட்டை ஒன்றை முதலில் கேமராவுக்குக் காட்டுவாள். யாரும் நிறமாக எதுவும் உடுத்தக் கூடாது என்று உத்தரவு. தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட நான் கறுப்பில்தான் போனேன்.

கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது படங்கள் போயின. மறுநாளே பதிப்பாளர் போன் செய்து, எந்த ஸ்டுடியோவில் எடுத்தீர்கள் என்று கேட்டார்.

"ஸ்டுடியோ எல்லாம் இல்ல சார். என் வீட்டுக்காரிதான் எடுத்தா" என்றான் என் மகன். தன் ஓவியத்தைப் பற்றி ஒருநாளும் அவன் அவ்வளவு நெஞ்சை நிமிர்த்திப் பேசியதில்லை.

புத்தகம் வந்துவிட்டது. உள்பக்கத்தில் ‘ஓவியம்’ என்று அவன் பெயர், அதற்குக் கீழே ‘ஒளிப்படம்’ என்று அவள் பெயர். இரண்டும் ஒரே அளவு எழுத்து. ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் சொல்கிறேன்.