தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

எல்லைச் சாவடியில் அவளைத் துப்பாக்கி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நெற்றிக்கு நேரே நீட்டி விசையை அழுத்தினால் காய்ச்சலைச் சொல்லும் வெள்ளைக் கருவி அவள் கையில் இருந்தது. பன்றிக் காய்ச்சல் பரவத் தொடங்கியபோது சுகாதாரத் துறை தற்காலிகமாக எடுத்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி. அதற்கு முன் பதினோரு வருடம் மருந்துக் கடையில் நின்றிருந்தாள். நின்று பழகிய கால்கள் என்பதால் வேலை பெரிதாகத் தெரியவில்லை.

பேருந்து வந்து நிற்கும். ஏறி, ஓட்டுநரில் ஆரம்பித்துக் கடைசி இருக்கை வரை ஒவ்வொரு நெற்றியாகப் பார்க்க வேண்டும். நூற்றைத் தாண்டினால் இறக்கி, முகக்கவசம் கொடுத்து, பக்கத்துத் தகரக் கொட்டகையில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு நோட்டீஸ். தும்மும்போது வாயை மூடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று அதில் இருக்கும். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் காய்ச்சல் கண்ட அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அவளுக்கு அது வரிக்கு வரி மனப்பாடம்.

"நான் பன்னிக்கறியே தொட்டதில்லம்மா. எனக்கு எதுக்கு இது?" என்பார் ஒருவர்.

"கறியில வர்றதில்லய்யா. தும்மல்ல வருது. உங்க பக்கத்து சீட்டுக்காரரு மூணு தடவ தும்மிட்டாரு."

கேட்டவர் ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொள்வார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. இருக்கைகளுக்கு அடியில் காலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. அட்டையின் நிறத்தைப் பார்த்தே மாத்திரையைச் சொல்லிவிடுவாள். சாவடிக்கு ஒரு மணி நேரம் முன்பே பயணிகள் காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு, நெற்றியைச் சமர்த்தாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது அதைத்தான் சொன்னாள். அவளுடைய கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். தினமும் அவள் சாவடியைத் தாண்டித்தான் அவருடைய வண்டி போகும்.

"ஒரு ஆளுக்குச் சட்டையெல்லாம் நனைஞ்சு ஊத்துது. துப்பாக்கி தொண்ணூத்தெட்டு காட்டுது. காய்ச்சல் எங்கய்யா போச்சுன்னு பார்த்தா, சீட்டுக்கடியில கெடக்குது."

அவர் சிரித்துப் புரையேறித் தலையில் தட்டிக்கொண்டார். "அப்ப உன் துப்பாக்கியில குண்டு இல்லேன்னு சொல்லு."

எட்டு வயது மகளும் என்னவென்று புரியாமலே சிரித்தாள்.

கருவிக்கு அவரவரே பொறுப்பு என்று சொல்லியிருந்ததால் அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். வேலை முடிந்து அவர் கதவைத் திறந்ததும் "கையத் தூக்குங்க" என்று நெற்றிக்கு நீட்டுவாள். அவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். பிறகு மகள். எல்லாம் சரியாக இருந்தால்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

திங்கட்கிழமை அவருக்கு இருமல் வந்தது.

"ஏசி வண்டி. தொண்டையப் பிடிச்சுக்கிச்சு" என்றார். கருவி தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு காட்டியது.

புதன்கிழமை அவருடைய வண்டியில் அவளே ஏறினாள். நடத்துநர் பின்னாலிருந்து, "அக்கா, வீட்டுல சுட்டது பத்தாதா?" என்றான். பேருந்தே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே நெற்றியைக் காட்டினார். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. காலர் ஈரமாக இருந்ததைக் கவனித்தாள். இஞ்சின் சூடு என்று நினைத்து அடுத்த நெற்றிக்குப் போனாள்.

வியாழக்கிழமை இரண்டாம் மாடியிலிருந்த வீட்டுக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றார்.

"என்னங்க, இப்படி மூச்சு வாங்குது?"

"வயசாகுதுல்ல."

"நாப்பத்தாறு ஒரு வயசா? சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வரலாமா?"

"அதான் துப்பாக்கி இருக்கே. பாரு."

பார்த்தாள். அதே எண். ஊரார் நெற்றியில் அவள் நம்பாத எண்ணைத் தன் வீட்டு நெற்றியில் நம்பினாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வார ஓய்வு. சாவடிக்குக் கிளம்பும் முன் அவருடைய சீருடையை ஊறவைக்க எடுத்தாள். சட்டைப் பையில் விறைப்பாக ஏதோ தட்டுப்பட்டது. பச்சை வெள்ளி நிற அட்டை. பத்தில் இரண்டு மாத்திரைகள் மிச்சம்.

அவர் தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருந்தார். உதட்டின் நிறம் மாறியிருந்தது.

"இது என்னங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். "நீ சொன்னதுதான். சாவடிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி."

"வீட்டுக்கு வர்றப்பவும்?"

தலையசைத்தார்.

"ஏன்?"

ஒரு வாக்கியம் பேச அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. "அத்தனை பேர் முன்னாடி பெண்டாட்டி கையால எறங்கணுமா? டிப்போவுல இதச் சொல்லியே வருஷம் பூரா என்னைய ஓட்டுவானுங்க. சளிதானேன்னு நெனச்சேன்."

அவள் ஆட்டோ கூப்பிட ஓடினாள்.

மருத்துவமனையில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தபடி அவருடைய மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினாள். முப்பத்தெட்டு. "பதினெட்டு, இருபது இருக்கணும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

"எத்தனை நாளா?" டாக்டர் கேட்டார்.

"அஞ்சாவது நாள் சார்."

"முதல் ரெண்டு நாளுக்குள்ள வந்திருந்தா மருந்து நல்லா கேட்டிருக்கும். இப்பவும் குடுக்கறோம். சர்க்கரை வேற இருக்கு. நம்பிக்கையா இருங்கன்னு சொல்ல மாட்டேன்மா."

அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மறுநாள் மகளுக்குக் கொதித்தது. அவள் கருவியை எடுக்கவே இல்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு அதே மருத்துவமனைக்கு வந்தாள். அன்றே பன்றிக் காய்ச்சலுக்கான மாத்திரை ஆரம்பித்தார்கள். நான்காம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது. அன்று மத்தியானம் அவர் இறந்தார்.

சாவடி மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்திருந்தார். அந்த வாரத்தில் அவளுடைய கணவர் ஓட்டிய நடைகளின் பட்டியல் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான்கு நாள், எட்டு நடை, ஜன்னல் திறக்காத வண்டி, நடைக்கு நாற்பது பேர். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். சோறு போட்டுக்கிட்டே."

"நீ சொல்லலேன்னாலும் ரோட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதாம்மா."

"அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும்."

அந்த முந்நூற்றுச் சொச்சம் பேரில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். கொட்டகையில் உட்கார்ந்து எழுதும் வேலை தருவதாக மேற்பார்வையாளர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள்.

அன்றைய மூன்றாவது பேருந்தில் மூன்றாம் வரிசையில் ஒருவர் ஜன்னலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கருவி தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு காட்டியது.

"மாத்திர எப்பண்ணே போட்டீங்க?"

"எந்த மாத்திர?"

அவள் கருவியைப் பையில் போட்டுக்கொண்டாள். கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்தாள். அவருடைய மார்பைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். ஒரு நிமிடம் என்பது நின்றுவிட்ட பேருந்துக்குள் நீண்ட நேரம்.

"அக்கா, டைம் ஆகுது" என்றார் ஓட்டுநர்.

இருபத்தெட்டு.

"எறங்குங்கண்ணே."

"ஏம்மா, நம்பர் சரியாத்தானே இருக்கு? எந்தச் சட்டத்துல எறக்குறே?"

"சட்டமெல்லாம் தெரியாது. டாக்டர் பார்க்கட்டும். ஒண்ணுமில்லேன்னா அடுத்த வண்டியில நானே ஏத்தி விடுறேன்."

"போற எடத்துல எனக்காக ஆளு நிக்கிது. தெரியுமா உனக்கு? உன் வீட்டு ஆளா இருந்தா இப்படி நடு ரோட்டுல எறக்குவியா?"

ஓட்டுநர் இஞ்சினை அணைத்தார். அவருக்கு அவளுடைய கணவரைத் தெரியும்.

அவள் மேல் தட்டிலிருந்த அந்தப் பயணியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினாள். பை போன பிறகு அவரும் திட்டிக்கொண்டே கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். கொட்டகைக்குப் போகும் இருபதடிக்குள் ஒரு தடவை நின்றார். பெஞ்சில் உட்கார்ந்ததும் பையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரிடம் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அவள் பேருந்துக்குத் திரும்பினாள். நான்காம் வரிசையில் ஒரு பெண் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள்.