இருமலுக்குக் கட்டம் இல்லை

இன்று காலை கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், எதிரில் பக்கத்து வீட்டு மரியதாஸ் மாமா. எங்கள் ஊர் தங்கச் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டே வயதானவர். பக்கத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், மடியில் விண்ணப்பம். மாமா தன் பெயரில் பாலிசி எடுக்கிறார், மகள் ஸ்டெல்லாவுக்காக.

"எதனா நோய் இருக்குதுங்களா?"

மாமா நன்றாக இருமி முடித்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்றார். ஏஜெண்ட் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

"இன்னா மாமா, இந்த இருமல்?" என்றேன்.

"இது நோயா? ஷிப்ட் போனவன் எல்லாருக்கும் இருக்கறதுதானே. இருமாதவன் ஆபீஸ்ல உக்காந்தவன்."

"நாளைக்கு நோயை மறைச்சீங்கன்னு சொல்லி ஸ்டெல்லாவுக்குப் பணம் தர மாட்டாங்க மாமா."

ஏஜெண்ட் சிரித்தார். "எழுதினா பாலிசியே வராது தம்பி. அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல யாருக்கு வரும்?"

மாமாவின் கோபம் என் மேல்தான். "நீ இன்னா டாக்டரா? சும்மா வா."

கையெழுத்துப் போட்டார். சாட்சிக்காக என்னிடம் நீட்டிய பேனாவை நான் வாங்கவில்லை. வழியில் ஏறிய யாரோ படிக்காமலே போட்டார்.

வீட்டுக்கு வந்து, மாமாவோடு ஷிப்ட் போன அப்பாவின் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் 'இல்லை'. உள்ளே அவர் இருமிக்கொண்டிருந்தார்.

இந்த மெயிலைப் படிக்கிற ஊர்க்காரர்களே, உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது?